திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகளுக்கு: கடைசிவரை விசுவாசத்தில் நிற்பது எப்படி

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு சேகரத்தில் (ஒரு குருவானவர் பொறுப்பில் உள்ள சபைகளில்) பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும், சின்ன வயசில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை செய்கிற திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பை மட்டும் நான் விடவில்லை. பிஷப் வந்து தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனதும் பிள்ளைகள் காலேஜுக்கும் வேலைக்கும் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கும் போன இடத்தில் சபைக்குத் தூணாக இருக்கிறார்கள். சிலரைக் கிறிஸ்மஸுக்கும் கோயில் விருந்தான அசனத்துக்கும்தான் பார்க்க முடிகிறது. சிலரைப் பார்க்கவே முடிவதில்லை. ஏன் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "கடவுள் இல்லை என்று முடிவுபண்ணிவிட்டேன் டீச்சர்" என்று சொன்னவர்கள் மிகவும் குறைவு. "சென்னைக்குப் போன புதுசில் கோயில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருந்தது, அப்படியே விட்டுப்போச்சு" என்பதுதான் அடிக்கடி கேட்ட பதில்.

அதனால் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. விசுவாசம் நழுவுவது பெரும்பாலும் வாழ்க்கை இடம் மாறுகிற நேரத்தில்தான். வேலைக்கு ஊர் மாறும்போது, கல்யாணம் ஆகும்போது, கைக்குழந்தை வரும்போது, சபையில் சண்டை வரும்போது, வீட்டில் ஒரு சாவு விழும்போது, கடைசியில் கண்ணும் காலும் ஒத்துழைக்காதபோது. இவையெல்லாம் உங்களுக்கும் வரும் என்று இப்போதே தெரியும். வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஏற்பாடு என்றதும் எல்லாம் நம் சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. சீஷனாகிய பேதுரு இயேசுவை மறுதலிக்கப்போகிற அதே ராத்திரி, அவன் இன்னும் விழுவதற்கு முன்னாலேயே, ஆண்டவர் அவனிடம் என்ன சொன்னார்? "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." நம்மைப் பிடித்திருக்கிறவர் அவர். நாம் செய்யும் ஏற்பாடெல்லாம் அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்துகொள்வதற்குத்தான்.

புது ஊரில் முதல் ஞாயிறு

இது எல்லாவற்றிலும் அவசரமான காரியம். வேலை உத்தரவு கைக்கு வந்தவுடன் ஹாஸ்டல் தேடுகிறீர்கள் அல்லவா, அதே சமயத்தில் ஆராதனை எங்கே நடக்கிறது என்றும் விசாரியுங்கள். பெங்களூரு, மும்பை, துபாய் என்று நம் ஜனங்கள் போன இடமெல்லாம் தமிழ் ஆராதனை இருக்கிறது. வளைகுடா நாடுகளில் பல இடங்களில் அது வெள்ளிக்கிழமையில் இருக்கும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் குருவானவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தைப் புது ஊர் குருவானவர் கையில் கொடுக்கும்போது ஒரு மனிதருக்காவது உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

போன முதல் ஞாயிறே கோயிலுக்குப் போய்விட வேண்டும். பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் சரி. முதல் மூன்று நான்கு வாரம் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒரு வடிவம் வந்துவிடும், அதன்பின் அதை மாற்றுவது கஷ்டம். இங்கே பாட்டு நன்றாக இருக்கிறது, அங்கே பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் சபை சபையாக ஏறி இறங்குவதும் வேண்டாம். இரண்டு மூன்று இடம் பாருங்கள், வேதத்தை ஒழுங்காகப் போதிக்கிற, போய்வரத் தோதான ஒன்றில் நின்றுவிடுங்கள். ஒரே பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் வராத வாரம் அந்த இடம் காலியாக இருப்பது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட வேண்டும். அப்புறம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாடகர் குழுவோ, சின்னப் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளியோ, பாய் விரிப்பதோ, அசனத்துக்கு வாளி தூக்குவதோ, எதுவானாலும் சரி. வேலை இருக்கிற இடத்துக்கு மனசு சரியில்லாத நாளிலும் கால் போகும்.

வீட்டிலேயே போனில் ஆராதனை பார்த்துக்கொள்கிறேன் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருக்கிறவர்களுக்கும், எழுந்து நடமாட முடியாத முதியோருக்கும் அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அழுதால் போன் உங்களைப் பார்க்காது. எபிரெயர் நிருபத்தில் "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று இருக்கிறது. அப்போதே சிலர் விட ஆரம்பித்துவிட்டார்கள் பாருங்கள்.

நம்முடைய சொந்தச் சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஆரம்ப நாட்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொந்த ஊரிலேயே அடியும் உபத்திரவமும் பட்டார்கள். 1799-ல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் காலத்தில் அவர்களுக்காகத் தனியாக ஓர் ஊர் உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, ஒரே மணிச் சத்தத்துக்குக் கூடி ஜெபித்து நிலைத்தார்கள். தனி ஆளாக நின்றால் தாங்காது என்று அந்தப் பனையேறிக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஹாஸ்டலில் கூட ஜெபிக்க ஒருவர் கிடைத்தால் போதும், வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.

தினமும் வாசிப்பது

என் தாத்தா பனையேறி. பனையின் பூக்குலையான பாளையைத் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் வாய் காய்ந்து பதநீர் நின்றுவிடும் என்பார். மழையோ காய்ச்சலோ, சீவுவது கொஞ்சமாக இருந்தாலும் சீவியாக வேண்டும். வேத வாசிப்பையும் நான் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். காலையில் காபி குடிக்கிறீர்களா, டம்ளர் பக்கத்தில் வேதாகமம் இருக்கட்டும். ஹாஸ்டலில் ஷிப்ட் வேலையா, ஷூ போடும் முன்பு கட்டிலில் உட்கார்ந்து ஒரு அதிகாரம். அச்சுப் புத்தகமே நல்லது. போனில் வாசித்தால் மேலே ஒரு செய்தி வந்து விழும், விரல் அங்கே போய்விடும். பஸ்ஸில் போகிறவர்களுக்குப் போன்தான் வழி என்றால் நெட்டை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

கண்ணை மூடித் திறந்த பக்கத்தை வாசிக்கிற பழக்கமும், வாக்குத்தத்தப் பெட்டியில் ஒரு வசனச் சீட்டு எடுத்துப் படித்துவிட்டுக் கிளம்புகிற பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. வருஷக் கடைசி ராத்திரி நடக்கிற வாட்ச்நைட் ஆராதனையில் வாங்குகிற வருஷ வாக்குத்தத்தத்தையும் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறோம். அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டுகளில் ஆறுதலான வசனம் மட்டும்தான் வரும். யோபுவின் புலம்பலும் எரேமியாவின் கண்ணீரும் வராது. அவை தேவைப்படுகிற நாள் வரும்போது நமக்கு அவற்றோடு பழக்கம் இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம், 16 நாளில் முடிந்துவிடும். அடுத்து அப்போஸ்தலர் நடபடிகள், 28 அதிகாரம். இவற்றோடு சங்கீதத்தையும் எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 150, ஒரு நாளைக்கு ஐந்து வாசித்தால் ஒரு மாதத்தில் முடியும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தேதி 12 என்றால் 12-ஆம் சங்கீதம், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டி 42, 72, 102, 132. 29-ஆம் தேதி மட்டும் 119-ஆம் சங்கீதம் வந்து மாட்டும், அதற்கு 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்கு ஒதுக்கிவைத்துவிடுங்கள். 31 இல்லாத மாதத்தில் எட்டு எட்டு வசனமாக உள்ள அதன் 22 பகுதிகளைத் தினம் ஒன்றாகப் படிக்கலாம். ஐந்து முடியாத நாளில் ஒன்று போதும். விட்டுப்போனதைப் பிடிக்க மறுநாள் பத்து வாசிக்க வேண்டாம், அன்றைய தேதிக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி சேர்ந்துவிட்டதே என்று மலைத்துத்தான் பலர் வாசிப்பதையே நிறுத்துகிறார்கள்.

வாரம் ஒரு வசனம் மனப்பாடம் செய்யுங்கள். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், மனசுக்குள் சொல்வது நிற்காது. எதற்கு என்று முதுமையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஜெப நோட்டு

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். திறந்தால் இரண்டு பக்கம் தெரிகிறது அல்லவா? இடது பக்கத்தில் தேதி போட்டு யாருக்காக, எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "தம்பிக்கு வேலை." "எதிர்வீட்டு அத்தைக்குக் கண் ஆபரேஷன்." வலது பக்கத்தைக் காலியாக விட்டுவையுங்கள். என்ன நடந்ததோ அதை நடந்த அன்றைக்கு அதே வரிக்கு எதிரே எழுதுங்கள். கேட்டது கிடைத்திருந்தாலும் எழுத வேண்டும், கிடைக்காமல் போயிருந்தாலும் எழுத வேண்டும், கேட்காத வேறொன்று வந்திருந்தாலும் எழுத வேண்டும். சில வரிகளுக்கு எதிரே வருஷக்கணக்கில் ஒன்றும் எழுத முடியாது. அதை அடிக்காதீர்கள்.

இந்த நோட்டினால் என்ன நன்மை என்றால், கஷ்டம் வந்த நாளில் மனசு பொய் சொல்லும். கர்த்தர் எனக்கு இதுவரை ஒன்றும் செய்ததில்லை என்று சொல்லும். அப்போது பழைய நோட்டை எடுத்து வலது பக்கங்களை வாசித்தால் போதும். இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தானைக் கடந்ததும் ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்து வந்து நாட்டினார்கள், பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக. எங்கள் வீட்டில் அம்மாவின் வேதாகமம் அந்த வேலையைச் செய்கிறது. ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டிருப்பாள். சங்கீதம் 34 பக்கத்தில் என் அண்ணன் டைபாய்டில் கிடந்த தேதி இருக்கிறது. கீழே வேறு பென்சிலில் "கஞ்சி குடித்தான்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

பதில் வராதபோது

கொஞ்சம் பொறுமையாக இந்தப் பகுதியை வாசியுங்கள். உங்களில் சிலருக்கு இப்போது தேவைப்படாது, பின்னால் தேவைப்படும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் இருந்தார். சேகரமே உபவாச ஜெபம் வைத்தது. அவர் சுகமாகவில்லை, கர்த்தரிடம் போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்தவர்களில் ஒருவர், விசுவாசம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் என்று என் காது கேட்கவே சொன்னார். அந்த வார்த்தையை எந்தத் துக்க வீட்டிலும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது வேதத்தில் இல்லாத போதனை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டான், முள் எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்கள்?

டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1931-ல் கீழே விழுந்து காலில் அடிபட்டார். எத்தனையோ பேர் ஜெபித்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறையில் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார், வந்தவர்களைத் தேற்றினார். சுகம் கிடைத்தவர்களின் சாட்சியை மேடையில் சொல்கிறோம். சுகம் கிடைக்காமலே ஆண்டவரை நேசித்தவர்களின் சாட்சியையும் நம் பிள்ளைகள் கேட்டு வளர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அப்படிப்பட்ட காலத்தில் என்ன செய்வது? முதலாவது, மனசில் இருப்பதைக் கர்த்தரிடமே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்டான், அது ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட முடிவில் இல்லை. ஆனாலும் அந்த மனிதன் தேவனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை.

இரண்டாவது, சொந்த வார்த்தை வராவிட்டால் ஆயத்தமாக இருக்கிற வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய ஜெபம் இருக்கிறது, ஜெபப் புத்தகம் இருக்கிறது, பாமாலை என்ற பாட்டுப் புத்தகம் இருக்கிறது. மனசில் உணர்வே இல்லாமல் வாய் மட்டும் சொல்கிறதே, இது மாய்மாலம் இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை. பசியில்லாத நோயாளியும் கஞ்சியைக் குடிக்கிறான்.

மூன்றாவது, மற்றவர்கள் உங்களுக்காக விசுவாசிக்க இடம் கொடுங்கள். அந்த மாதங்களில் எனக்கு ஜெபிக்க வரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். அறிவுரை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு கீர்த்தனை பாடுவார்கள், ஒருத்தி ஜெபிப்பாள், இன்னொருத்தி அடுக்களையில் போய் மறுநாள் குழம்புக்குக் கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுப் போவாள். நான் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே இல்லை. அந்த வாக்கியத்தை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் அதற்குள் எனக்கு ஒரு படுக்கை கிடைத்தது.

இன்னும் ஒன்று. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துப்போகலாம் என்ற நினைவு வந்துகொண்டே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிட வேண்டும். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

சந்தேகம் வந்தால்

தோமாவைச் சந்தேகக்காரன் என்று எல்லோரும் சொல்கிறோம். யோவான் 20-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். மற்றவர்கள் கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள், அவன் நம்ப மாட்டேன் என்கிறான். எட்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர்களோடேயே அதே வீட்டில் இருக்கிறான். நம்ப முடியாதவனை அவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவனும் கிளம்பிப் போகவில்லை. ஆண்டவர் வந்தபோது அவன் அங்கே இருந்தான். தோமா உயிர்விட்ட இடம் என்று சொல்லப்படுகிற சென்னைப் பரங்கிமலைக்குப் போகிறபோதெல்லாம் நான் நினைப்பது இந்த எட்டு நாளைத்தான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வயசில் மூத்த, வேதம் தெரிந்த, கோபப்படாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு யூடியூபில் தேடாதீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னான். இயேசு அவன் மகனைச் சுகமாக்கினார்.

சபையில் சண்டை வரும்போது

வரும். சேகரத் தேர்தல், கோயில் கணக்கு, பள்ளிக்கூட வேலை, எந்தப் பக்கத்து ஆள் பொருளாளர் என்று கோர்ட்டு வரைக்கும் போகிற வழக்கு, எல்லாம் நம் கண்ணால் பார்த்தவை. இதைப் பார்த்து மனசு வெறுத்துப் போனவர்களையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், அவர்கள் வேதனை நியாயமானது. ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதைப் படியுங்கள். கட்சி பிரிந்திருந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாய் இருக்க ஒருவன் வெறித்திருந்தான். அவர்களைத்தான் அவன் "தேவனுடைய சபை" என்று அழைத்து எழுதுகிறான்.

என் யோசனை இது. தேர்தலில் ஓட்டுப் போடுங்கள், கணக்கைக் கேளுங்கள், தப்பைத் தப்பென்று கூட்டத்திலே எழுந்து சொல்லுங்கள். ஆனால் எந்தக் கட்சியின் வாட்ஸ்அப் குழுவிலும் ஞாயிறு காலை இருக்காதீர்கள். கோபத்தோடு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போக மனசு வராவிட்டால், போகாமல் இருப்பதற்குப் பதில் அந்த மனிதரிடம் முந்தின நாளே போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர் சமாதானமாகாவிட்டால் அது அவர் காரியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. ஊழியர் என்ற பெயரில் ஒருவர் பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தப்பாக நடந்தால், ஜெபித்து மூடிவைப்பது பாவம். பெற்றோரிடம் சொல்லுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். அந்தச் சபையை விட்டு வேறு சபைக்குப் போங்கள். அப்படிப் போவது விசுவாசத்தை விடுவதாகாது. சபையே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

வீடும் பணமும்

கல்யாணமானதும் முதல் வாரத்திலிருந்தே இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள். பிறகு தொடங்கலாம் என்றால் கூச்சம் வந்துவிடும். பிள்ளைகள் வந்தபின் குடும்ப ஜெபம் பத்து நிமிஷத்தில் முடிய வேண்டும். ஒரு பாட்டு, நாலைந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான். அப்பா அரை மணி நேரம் ஜெபித்தால் பிள்ளை தலையணையில் விழுந்துவிடும், அந்தப் பிள்ளைக்கு ஜெபம் என்றாலே தூக்கம்தான் ஞாபகம் வரும். கைக்குழந்தை இருக்கிற வருஷங்களில் தாய்மாருக்கு வாசிக்க நேரமே கிடைக்காது. பால் கொடுக்கும்போது ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், அந்தக் காலத்துக்கு அதுதான் அளவு.

காணிக்கையைச் சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். பஞ்ச காலத்திலும் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியில்தான் எத்தனையோ ஊழியங்கள் நடந்தன. இந்தச் சீமைக்காரர்களே கூடி 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா, பிறகு 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பிஷப் ஆனார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலைமேலேயே கை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பாராம். தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிற விசுவாசம் வற்றிப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்காவது சொல்லிக்கொடுங்கள், யாரையாவது ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள்.

முதுமைக்கு இப்போதே

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. ஞாபகம் முழுவதும் போய்விட்டது. பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாரும்மா" என்று கேட்கிறார். சாயங்காலம் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் உதடு அசையும். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்கிற இடத்தில் சத்தம் வந்துவிடும். "ஆமென்" அவர்தான் சொல்வார், எனக்கு முந்தி. சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் படித்தது அது. மகள் பெயர் போன பிறகும் அது போகவில்லை. வாரம் ஒரு வசனம் என்று சொன்னேனே, இதற்காகத்தான்.

கண் மங்கினால் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக்கொள்ளலாம், ஒலி வடிவத்திலும் கேட்கலாம், பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் குருவானவரிடம் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவருவார். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிறவர்கள் நிறைய, பிள்ளைகளாகிய நீங்கள் கேட்டுக் கொடுங்கள். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். அன்னாள் என்கிற 84 வயது விதவை தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள், குழந்தை இயேசுவைக் கண்டுகொண்டவர்களில் அவளும் ஒருத்தி. என் வகுப்புப் பிள்ளைகள் பெயரையெல்லாம் எங்கள் தெருக் கிழவிகளிடம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பெயரும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

ஏற்கெனவே விட்டுப்போனவர்கள்

இதை வாசிக்கிற சிலர் போய் வருஷக்கணக்கு ஆகியிருக்கும். எப்படித் திரும்பி வருவது என்று தெரியாமலே பலர் வராமல் இருக்கிறார்கள். பண்டிகை நாளில் வராதீர்கள், கூட்டத்தில் ஒன்றும் ஒட்டாது. சாதாரண ஞாயிறு ஒன்றில், மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பு வந்து உட்காருங்கள். பின் பெஞ்ச் போதும். வாசலில் யாராவது "என்ன, ஆளையே காணோம்" என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். "இப்போ வந்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள், அன்றைக்கு அந்த வார்த்தைகள் உங்களுக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். மனசில் பெரிய பாரம் ஏதாவது இருந்தால் முந்தின நாள் குருவானவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். பேதுருவும் விழுந்தான், யூதாசும் விழுந்தான். பேதுரு மறுபடியும் மற்றவர்கள் இருந்த இடத்துக்கு வந்தான்.

அடுத்த ஞாயிறும் வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருந்தால் சனிக்கிழமையே எனக்கு ஒரு போன் போடுங்கள். வெளியூரில் இருந்தால் அந்த ஊரில் இருக்கிற நம் வகுப்புப் பிள்ளை யாரையாவது வாசலில் நிற்கச் சொல்கிறேன். நம் ஊர் என்றால் நானே பக்கத்தில் உட்காருகிறேன்.